சாக்கில் கட்டிய சைலன்சர்

ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை எங்கள் வீட்டு மச்சிலிருந்து ஒரு சாக்கு இறங்கும். உள்ளே யமஹா ஆர்.எக்ஸ். 100-இன் கம்பெனி சைலன்சர், பழைய ஹேண்டில் பார், நாலு இண்டிகேட்டர், பின் மட்கார்டு. மாமா 1996-இல் வாங்கிய வண்டி. அந்த வருடத்தோடு அந்த மாடலே நின்றுபோனது. நம்பர் கே.எல். 01. பாறசாலைக்கு 19, நெய்யாற்றின்கரைக்கு 20 என்று பிரித்ததெல்லாம் பிறகுதான்.

மற்ற நாட்களில் அது வேறு வண்டி. தாழ்ந்த ஹேண்டில், வெட்டிவிட்ட பின்புறம், பனச்சமூடு தாண்டி வாங்கிய சைலன்சர். வெள்ளறடை ஏற்றத்தில் இரண்டாவது கியரில் முறுக்கினால் குருசுமலை வரை கேட்கும் என்பான் மச்சினன். அது மிகை. ரப்பர் வெட்டுகிறவர்கள் கத்தியை நிறுத்தி நிமிர்ந்து பார்ப்பது உண்மை.

இந்த வருடம் வண்டிக்கு முப்பது வயது. ஆர்.சி. புதுக்க வேண்டும். இருபது தாண்டிய பைக்குக்கு 2025 ஆகஸ்டிலிருந்து கட்டணம் 2,000 ரூபாய். தாமதித்தால் மாதத்துக்கு 300. கேரளத்துக்கு ஐந்து வருட வரி தனி. 900 ஆக இருந்ததை 1,350 ஆக்கிவிட்டார்கள். பணம் போகட்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டியை நிறுத்த வேண்டுமே!

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டி மாறக் கூடாது என்கிறது. கேரள உயர் நீதிமன்றம் இதைக் கொஞ்சம் தளர்த்திச் சொன்ன தீர்ப்பை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதே வருடத் திருத்தத்தில் 182ஏ வந்தது. மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய், இல்லாவிட்டால் ஆறு மாதம் வரை ஜெயில், இரண்டும்கூடச் சேரலாம். ஒர்க்‌ஷாப் ஆசான் கிரீஸ் விரலை மடக்கி எண்ணினார்.

"சைலன்சர் ஒண்ணு, ஹேண்டில் ரெண்டு, மட்கார்டு மூணு, இண்டிகேட்டர் நாலு. இருபதாயிரம் ரூவா மக்களே. நீ ஓட்டுகது பைக்கா, நகைக்கடையா?"

சாக்கில் வந்த சைலன்சரின் பேஃபிள் குழாயை உருவினார். 2டி ஆயில் எரிந்த கரி, தாரைப்போல ஒட்டியிருந்தது. காஸ்டிக் சோடாவில் ஒரு ராத்திரி ஊறிய பிறகுதான் துளைகள் கண்ணில் பட்டன. புகை டெஸ்டில் 2000-க்கு முந்திய டூ ஸ்ட்ரோக்குக்குக் கொஞ்சம் தாராளம்: கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பி.பி.எம். வரை. கார்புரேட்டரைத் துடைத்து, ஐடிலைச் சரி செய்ததும் பாஸ்.

மச்சினன் ஒட்டிய சாய்வெழுத்து நம்பர் பிளேட்டும் போயிற்று. பின்னால் எழுத்து 35 மில்லிமீட்டர், எண் 40 மில்லிமீட்டர் உயரம் வேண்டும். சேஸிஸ் நம்பர்தான் பாடாய்ப் படுத்தியது. மேலே மூன்று கோட் பெயிண்ட். ஆசான் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மெதுவாகச் சுரண்டி, காகிதத்தை வைத்துப் பென்சிலைச் சாய்த்து உரசினார். ஒவ்வொரு இலக்கமாக வெளுப்பாக மேலே வந்தது. மாமா பெயரைத் திரும்பப் படித்ததுபோல் இருந்தது எனக்கு.

ஒரு விஷயத்தில் எனக்குச் சண்டை உண்டு. மழையில் நனைந்த டிரம் பிரேக்கை நம்பி இந்த இறக்கங்களில் இறங்குவது பெரிய தைரியம். முன்னால் ஒரு டிஸ்க் மாட்டினால் உயிருக்கு நல்லது, ஆனால் சட்டத்துக்கு அதுவும் 'மாற்றம்'. காதைக் கிழிக்கும் சைலன்சரையும் நிற்க உதவும் பிரேக்கையும் ஒரே தராசில் நிறுக்கிறார்கள். சைலன்சரைப் பிடிக்கட்டும், நானே சாட்சி சொல்கிறேன்.

மைதானத்தில் இன்ஸ்பெக்டர் ஹார்ன் அடித்தார், லைட் பார்த்தார், வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இடது பக்கம் நின்றார்.

"சாரி கார்டு எவிடே?"

சாக்கில் எல்லாம் இருந்தது, அது மட்டும் இல்லை. பின்சீட்டில் ஆள் ஏறும் வண்டிக்குப் பின்சக்கர மறைப்பு கட்டாயம், விதி 123. நாளை வா என்றார்.

வீட்டில் தேடாத இடமில்லை. கடைசியில் மாமி கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். கோழிக்கூட்டு ஜன்னலில் கம்பியால் வரிந்து கட்டியிருந்தது, நல்ல குரோம் இன்னும் மினுங்கியது.

"கொண்டு போ. டெஸ்ட் முடிஞ்ச உடனே திருப்பிக் கொண்டாந்து கெட்டணும். ராத்திரி கீரி வருது."