ரீஸ்டார்ட் பண்ணுங்க சார்!

பிள்ளைகளே, உறவுகளே, இது நீளமான பதிவு. கொஞ்சம் கோபத்தோடு எழுதுவது. நேரம் இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை படித்துக்கொள்ளுங்கள். ஆனால் மென்பொருள் வேலையில் இருக்கிற என் மாணவர்கள் இன்றைக்கே படிக்க வேண்டும். உங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வீட்டு வைஃபையிலிருந்து கம்ப்யூட்டர் அடிக்கடி அறுந்துபோகிறது என்று ஒரு வயதானவர் சொன்னால் அவருக்கு நான்கு பதில்கள்தான் கிடைக்கின்றன. ரீஸ்டார்ட் பண்ணுங்க. பிளானை மாத்துங்க. ஃபார்மட் அடிச்சிரலாம். மெஷின் பழசாயிடுச்சு, புதுசு வாங்கிருங்க. இந்த நான்கிலும் ஒரு கேள்விகூடக் கிடையாது. காய்ச்சல் என்று போனால் டாக்டர் எத்தனை நாளாக, குளிர் இருக்கிறதா, ராத்திரியில் கூடுகிறதா என்று கேட்பார். எதுவும் கேட்காமல் ஊசியைக் கையில் எடுப்பவரிடம் நாம் இரண்டாம் முறை போவதில்லை. கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் ஊசி போடுபவர்தான் கெட்டிக்காரர்.

எனக்கு நான்கு பதில்களும் ஒரே மாதத்தில் கிடைத்தன. தினமும் மாலை 7 மணிக்கு, ஞாயிறு தவிர, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வீடியோவில் இயற்பியல் சந்தேகம் சொல்லித் தருகிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஜூனில் ஆரம்பித்தது. ஆரம்பித்த வாரத்திலிருந்தே, லென்ஸ் படம் பாதி வரைந்திருப்பேன், இணைப்பு போய்விடும். "சார் உறைஞ்சு போயிட்டீங்க" என்று ஒரு பெண் என் போனுக்குச் செய்தி அனுப்புவாள். அவள் வீட்டில் இருப்பது ஒரே போன். அவளுடைய அப்பா வேலை முடிந்து வந்து எட்டரை மணிக்கு அதைக் கேட்பார். எனக்குப் பத்து நிமிடம் போனால் போனதுதான், அவளுக்கு அது ஒரு கணக்கு.

மருமகன் பெங்களூரிலிருந்து, "ரீஸ்டார்ட் பண்ணுங்க மாமா, சரியாயிடும்" என்றான். சரியானது. மறுநாள் 7 மணிக்கு மறுபடி அறுந்தது. மறுபடி அதே வைத்தியம். இணைப்பு தரும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். 100 எம்பிபிஎஸ் போதாது, 200க்கு மாறுங்கள் என்றார்கள். வீட்டுக்கு வந்து பார்த்த மெக்கானிக் தம்பி உட்காரக்கூட இல்லை. நின்றபடியே, "ஃபார்மட் அடிச்சிரலாம் சார், 800 ரூபா" என்றார். நான்காவது பதில் உறவுக்காரர் ஒருவர் கல்யாண வீட்டுப் பந்தியில் சொன்னது. இலவசம்.

இப்போது என் மாணவர்களிடம் வருகிறேன். உங்கள் அலுவலகத்தில் ஒரு சர்வர் தினமும் 7 மணிக்கு விழுந்தால் என்ன செய்வீர்கள்? லாகை எடுப்பீர்கள். எந்த நேரத்தில், எந்தெந்த மெஷினில், முந்தின நாள் என்ன மாறியது என்று பார்ப்பீர்கள். மூல காரணம் என்ன என்று அறிக்கை எழுதாமல் மேலாளர் உங்களை விடமாட்டார். "ரீஸ்டார்ட் பண்ணினோம், சரியாயிடுச்சு" என்று வாடிக்கையாளரிடம் சொல்லிப் பாருங்கள். அதே நீங்கள் அப்பா போன் செய்தால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். உங்களுக்குத் தெரியாமல் இல்லை. விண்டோஸ் 10லிருந்தே வ்லான் ரிப்போர்ட் என்று ஒரு கட்டளை இருக்கிறது. கடந்த மூன்று நாளில் வைஃபை எப்போது சேர்ந்தது, எப்போது அறுந்தது என்று படம் போட்டே காட்டும். இதை நான் கேட்டுத் தெரிந்துகொண்டது உங்களில் ஒருவரிடம்தான். "நல்ல கேள்வி சார், யாரும் கேட்டதில்லை" என்றான். நீ ஏனப்பா உன் வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை?

ரீஸ்டார்ட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. ரவுட்டரும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர்தான். மாதக்கணக்கில் ஓடினால் சில ரவுட்டர்கள் குழம்பும். அணைத்துப் போட்டால் தெளியும். ஆனால் அது முதலுதவி. அதைச் செய்வதற்கு முன் மணி என்ன, மற்ற கருவிகள் ஓடுகின்றனவா, ரவுட்டரில் எந்த விளக்கு எரிகிறது என்று ஒரு வரி குறித்துக்கொள்ள வேண்டும். பொத்தானை அழுத்திய அடுத்த நொடியே தடயமெல்லாம் அழிந்துவிடுகிறது. திருட்டு நடந்த வீட்டைப் போலீஸ் வருவதற்கு முன் பெருக்கித் துடைப்பது மாதிரிதான் இது.

நான் ஒரு நோட்டு எடுத்தேன். எட்டு நாள். ஒவ்வொரு முறை அறுந்தபோதும் மணியும் நிமிடமும். எல்லாமே 7 மணிக்கும் 7.45க்கும் நடுவில். பக்கத்தில் இருந்த போன் ஒரு தடவைகூட அறுபடவில்லை. இது சரியான ஒப்பீடா என்று எனக்கே ஒரு சந்தேகம், ஏனென்றால் போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தது, கம்ப்யூட்டர் 2.4இல். கம்ப்யூட்டரின் பின்னால் செருகியிருக்கும் சின்ன வைஃபை அடாப்டருக்கு 2.4 மட்டும்தான் தெரியும். அதனால் போனையும் 2.4இல் இணைத்து மேஜையின் இந்தப் பக்கம் வைத்தேன். அப்போதும் போன் நின்றது, கம்ப்யூட்டர் விழுந்தது. சோதனைச்சாலையில் உங்களுக்கு ஆயிரம் தடவை சொன்னதுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று.

அடுத்தது பிங். கறுப்புத் திரை இரண்டைத் திறந்து ஒன்றில் ரவுட்டரின் முகவரியான 192.168.1.1ஐயும் மற்றதில் வெளியுலகத்தில் இருக்கும் 8.8.8.8ஐயும் இடைவிடாமல் கூப்பிடச் சொல்லலாம். இரண்டு வார்த்தைக் கட்டளை, பத்தாவது படிக்கிற பையன் செய்வான். ரவுட்டர் பதில் சொல்லி, வெளியே மட்டும் பதில் வராவிட்டால் பெரும்பாலும் குறை வாசலுக்கு அந்தப் பக்கம். அப்போது நிறுவனத்தைத் திட்டலாம். ரவுட்டரே பதில் சொல்லாவிட்டால் குறை வீட்டுக்குள். என்னுடையதில் ரவுட்டரே பதில் சொல்லவில்லை. அதாவது மாடி அறைக்கும் கீழே ஹாலுக்கும் நடுவில்தான் கோளாறு. 200 எம்பிபிஎஸ் என்றவர்கள் தெருவில் ரோட்டை அகலப்படுத்தி எனக்கு விற்கப் பார்த்தார்கள். தடங்கல் என் மாடிப்படியில் இருந்தது.

பிறகு 15 மீட்டர் கேபிள் ஒன்றை இரவல் வாங்கி மாடிப்படி வழியாக இழுத்து நேராகக் கம்ப்யூட்டரில் செருகினேன். மூன்று மாலை. ஒரு தடவைகூட அறுபடவில்லை. (வீட்டு அம்மாள் அந்தக் கேபிளில் இரண்டு தடவை தடுக்கினார், அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.) இதிலிருந்து தெரிவது என்ன? விண்டோஸ் நிரபராதி. ரவுட்டரும் நிரபராதி. ஃபார்மட் அடித்திருந்தால் 800 ரூபாயும் போய், மறுநாள் 7 மணிக்கு மறுபடி அறுந்திருக்கும்.

மிச்சம் இருந்தது வைஃபை அடாப்டர். பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று விண்டோஸே அதை அணைத்துவிடுவது உண்டு. டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிட வேண்டும். எடுத்தேன், பலன் இல்லை. அது காரணமாக இருந்தால் 7 மணி என்று பார்த்து வராதே. அப்படியானால் 7 மணிக்கு என்ன நடக்கிறது? கம்ப்யூட்டரின் பின்னால் எட்டிப் பார்த்தபோது அடாப்டருக்கு ஒட்டிய துளையில் இருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கின் விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. ஏப்ரலில் மருமகன் வாங்கித் தந்த டிஸ்க். தினமும் 7 மணிக்குத் தானாகவே எல்லாவற்றையும் அதில் பிரதி எடுக்கும்படி அவனே அமைத்துக் கொடுத்திருந்தான். ஜூன் வரை 7 மணிக்கு நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததே இல்லை.

சந்தேகம் போதாது, நிரூபணம் வேண்டும். மறுநாள் காலை 11 மணிக்கு, தெருவே அமைதியாக இருக்கும் நேரத்தில், வேண்டுமென்றே பிரதி எடுக்கும் வேலையை ஓடவிட்டேன். மூன்றாவது நிமிடத்தில் வைஃபை அறுந்தது. நிறுத்தினேன், வந்தது. மறுபடி ஓடவிட்டேன், அறுந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இயற்பியல் படித்தவர்கள் புரிந்துகொள்வீர்கள்.

காரணம் புதிதும் அல்ல, ரகசியமும் அல்ல. யுஎஸ்பி 3 விநாடிக்கு 500 கோடி பிட் வேகத்தில் தரவை அனுப்பும்போது எழுகிற ரேடியோ இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து அறிக்கையாக வெளியிட்டது. மாடி அறைக்கு வந்து சேரும் வைஃபை அலையின் திறன் ஒரு வாட்டில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக இருப்பது சாதாரணம். அந்த முணுமுணுப்பைக் கேட்க வேண்டிய காதுக்கு இரண்டு விரல் தூரத்தில் ஒருவன் தகரத்தைத் தட்டினால்? மேஜையின் இந்தப் பக்கம் இருந்த போனுக்கு அந்த இரைச்சல் எட்டவில்லை. ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்பு வயர் வாங்கி அடாப்டரைச் சுவர்ப் பக்கம் தள்ளி வைத்தேன். 150 ரூபாய். அதற்குப் பிறகு டிஸ்க் ஓடுகிறது, வகுப்பும் ஓடுகிறது.

சரி, ரீஸ்டார்ட் செய்தால் ஏன் சரியானது? இதைத்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ரீஸ்டார்ட் செய்யும்போது பிரதி எடுக்கும் வேலை பாதியில் வெட்டுப்படுகிறது. இரைச்சல் நிற்கிறது, வைஃபை வருகிறது. பிரதியின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். திங்கள் முதல் சனி வரை எல்லாம் பாதியில் நின்றிருந்தன. வகுப்பு இல்லாத ஞாயிற்றுக்கிழமை மட்டும் முழுதாக முடிந்திருந்தது. அந்த டிஸ்க்கில் போவது என்ன தெரியுமா? 31 வருடத்து வினாத்தாள்கள், பிறகு நான் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஸ்கேன் செய்துவருகிற உங்கள் வகுப்பு குரூப் போட்டோக்கள். "சரியாயிடும்" என்ற உங்கள் மருந்து உங்கள் படங்களைக் காப்பாற்றுகிற வேலையைத்தான் வாரத்தில் ஆறு நாள் கொன்றுகொண்டிருந்தது.

என் விஷயம் இதோடு முடிந்தது. பக்கத்துத் தெருவில் ஓர் அம்மா இருக்கிறார். அவருக்கு அப்படி முடியவில்லை. அவர் லேப்டாப்பும் இதே மாதிரிதான் அறுந்துகொண்டிருந்தது. பார்க்க வந்தவர் ஃபார்மட் அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். கணவரின் கடைசி இரண்டு வருடப் படங்கள் அதில்தான் இருந்தன, வேறெங்கும் இல்லை. இரண்டு நாளில் வைஃபை மறுபடி அறுந்தது. நான் போய்ப் பார்த்தபோது அந்த பவர் மேனேஜ்மென்ட் டிக்தான். எடுத்துவிட்டேன், நின்றுவிட்டது. அரை நிமிட வேலை. அந்த அம்மாவிடம் மெக்கானிக் சொன்னது: "நீங்க எதையோ அழுத்தியிருப்பீங்கம்மா."

இந்த வாக்கியத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. காரணம் தெரியாதவன் வயதானவர்கள் மீதும் வீட்டுப் பெண்கள் மீதும் பழியைப் போட்டுவிட்டுக் காசும் வாங்கிக்கொண்டு போகிறான். அவர்களும் நம்பிவிடுகிறார்கள். அடுத்த முறை கம்ப்யூட்டரைத் தொடவே பயப்படுகிறார்கள். அந்த அம்மா மகளோடு வீடியோவில் பேசுவதையே குறைத்துவிட்டார், கெட்டுப்போய்விடுமோ என்று.

ஆகவே அடுத்த முறை வீட்டிலிருந்து போன் வந்தால் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். எல்லாக் கருவியும் போகிறதா, ஒன்று மட்டுமா? அறுந்த நேரத்தில் ரவுட்டர் பிங்குக்குப் பதில் சொல்கிறதா? எந்தெந்த மணிக்கு? எப்போதிலிருந்து, அந்தச் சமயத்தில் புதிதாக என்ன வந்தது? பாதிக் குறை இதிலேயே தெரிந்துவிடும். எல்லாக் கருவியும் ஒரே நேரத்தில் போய், ரவுட்டர் விளக்குகள் அணைந்து எரிந்தால் மின்சாரமோ அதன் 12 வோல்ட் அடாப்டரோதான். மோட்டார் போடும் நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டரின் முகவரி 169.254 என்று ஆரம்பித்தால் ரவுட்டரிடமிருந்து முகவரி வரவில்லை என்று பொருள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் 2.4இல் 1, 6, 11 இவற்றில் எது காலியாக இருக்கிறதோ அந்தச் சேனலுக்கு மாறிப் பார்க்கலாம். ரவுட்டரைப் பீரோவுக்குப் பின்னால் வைக்காதீர்கள், அது இரும்பு.

மெக்கானிக் வேலை செய்கிற என் மாணவர்கள் நான்கைந்து பேர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் கூலியை நான் குறை சொல்லவில்லை. கண்டுபிடிப்பதற்கு 500 ரூபாய் கேளுங்கள், தருகிறேன். ஃபார்மட் என்ற வார்த்தை வாயில் வருவதற்கு முன் "இதுல என்னென்ன படம் இருக்கு, வேற எங்க வச்சிருக்கீங்க" என்று கேளுங்கள்.

நோட்டுப் பக்கத்தின் படம் வேண்டும் என்பவர்கள் கமென்டில் சொல்லுங்கள், போடுகிறேன். எழுத்து கிறுக்கலாக இருக்கும், உங்களுக்குப் பழக்கம்தான். மருமகன் இந்தப் பதிவைப் படித்துவிட்டு நேற்றே போன் செய்தால் நன்றாயிருந்திருக்கும் என்பான். நேற்றும் செய்தேன். மீட்டிங்கில் இருந்தான்.