நிழல் எழுத்தும் புரோகித வித்தையும்

அச்செழுத்தின் உருவத்தைப் பற்றிப் பகுத்தறிவுப் பத்திரிகைக்கு என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். எழுத்து என்பது சரஸ்வதி கொடுத்த வரமல்ல, மனிதன் தன் தேவைக்குச் செய்துகொண்ட கருவிதான் என்பதை 1935-இல் "குடி அரசு" பத்திரிகையில் சீர்திருத்த எழுத்தைப் புகுத்திப் பெரியார் செய்துகாட்டினார். 1978-இல் தமிழ்நாடு அரசாங்கமும் அதை ஏற்று ஆணையிட்டது. ஆகவே எழுத்தைப் பற்றிப் பேச நமக்குப் பாத்தியமுண்டு.

சுவர் விளம்பரங்களிலும் நோட்டீஸ் தலைப்புகளிலும் ஒருவிதத் தடித்த எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். காகிதத்தை விட்டு எழுந்து நிற்பதுபோல் அது தோன்றும். தடவிப் பார்த்தாலோ வெறும் தட்டைக் காகிதந்தான். இதன் இரகசியம் என்ன? எழுத்தின் ஒரு பக்கத்திலும் அடியிலும் மாத்திரம் ஒரு கறுப்புப் பட்டை சேர்க்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே. வெளிச்சம் மேலிருந்து வருவதையே கண்டு பழகிய நமது கண்ணும் மூளையும், நிழலைக் கண்டவுடன் அங்கே ஒரு பொருள் நிற்பதாகத் தாமே முடிவு கட்டிக்கொள்ளுகின்றன.

இதை எந்த ரிஷியும் தவமிருந்து பெறவில்லை. இலண்டனில் எழுத்து வார்க்கும் தொழில் செய்த வின்சென்ட் ஃபிகின்ஸ் என்பவரின் 1815-ஆம் வருஷத்து மாதிரிப் புத்தகத்திலேயே நிழல் எழுத்து காணப்படுகிறது. புத்தக எழுத்து தெருவில் போகிறவன் கண்ணில் படாது என்பதால் வியாபாரிகளுக்குப் பெரிய எழுத்து வேண்டியிருந்தது. 1827-இல் அமெரிக்காவில் டேரியஸ் வெல்ஸ் என்பவர் மரத்தில் எழுத்துக் குடைய இயந்திரம் கண்டபின் அது மலிவாயிற்று. இங்கிலாந்தில் அரசாங்க லாட்டரிச் சீட்டையும் கண்ணைப் பறிக்கும் பெரிய எழுத்துக்களைக் கொண்டே விற்றார்கள். 1826-இல் அந்த லாட்டரி ஒழிந்தது, எழுத்து ஒழியவில்லை. ஏனெனில், குற்றம் எழுத்தினுடையதல்ல.

அச்சுக்காரனும் கண்ணை ஏமாற்றத்தான் செய்கிறான். ஆனால், "எப்படிச் செய்தாய்?" என்று கேட்டால் கோடு போட்டுக் காட்டிவிடுகிறான், பள்ளிப் பையனும் கற்றுக்கொள்ளுகிறான். அதற்காக அவன் காலில் விழச் சொல்லுவதில்லை, தட்சணை கேட்பதுமில்லை. வெறுங்கையில் விபூதி வரவழைக்கும் சாமியாரை இதே கேள்வி கேட்டுப் பாருங்கள்! கேட்டதே பாவம் என்பார். இரண்டும் கண்கட்டு வித்தைதான். ஒருவன் வழியைச் சொல்லிக்கொடுத்துக் கூலி வாங்குகிறான். மற்றவன் வழியை மறைத்துக் காணிக்கை வாங்குகிறான். எவன் யோக்கியன்?

இன்று ஜோதிடனும், தாயத்து விற்பவனும், ராசிக்கல் வியாபாரியும் இதே நிழல் எழுத்தில் தலைப்புப் போடுகிறார்கள். எழுத்து எழும்பி நிற்பதால் சங்கதியும் எழும்பி நிற்பதாக நம்பி, பாடுபட்டு வாங்கிய கூலியைப் பாட்டாளி மக்கள் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். தலைப்பின் கீழே பொடி எழுத்தில் இருப்பது என்ன, அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்பாரில்லை.

நமது தோழர்களும் கூட்ட நோட்டீஸுக்கு இவ்வெழுத்தைத் தாராளமாய் உபயோகிக்கலாம். நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் தலைப்புக்குக் கீழே காரணமும் ஆதாரமும் தெளிவான சாதாரண எழுத்தில் இருக்கவேண்டும். பிறர் நோட்டீஸைப் பார்த்துக் கேட்கும் கேள்வியை நமது நோட்டீஸைப் பார்த்தும் ஜனங்கள் கேட்கட்டும். அப்படிக் கேட்கப் பழகுவதற்குத்தான் சுயமரியாதை என்று பெயர்.