லேசரைச் செய்து பார்க்க விடுங்கள்

ஓசூர் சிப்காட்டில் தகடு வெட்டும் ஃபைபர் லேசர் இயந்திரத்தைப் பராமரிப்பது என் வேலை. எங்களிடம் தொழில் பழக வரும் ஐடிஐ பையன்களில் யாராவது ஒருவனுக்கு லேசர் பாயிண்டர் செய்யும் ஆசை வந்துவிடும். அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூரு எஸ்.பி. ரோடு போய் டயோடு வாங்கி வருவான். கண் போய்விடும், தூக்கிப் போடு என்பார்கள் பெரியவர்கள். தடுக்கக் கூடாது, ஐடிஐயிலேயே பெஞ்சில் உட்காரவைத்து முறையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

பெரிய சாமான் ஒன்றும் வேண்டாம். 650 நானோமீட்டர் சிவப்பு டயோடு, பித்தளைக் குழாயில் திருகி ஏற்றும் சின்ன லென்ஸ், பிரிசெட் எனும் திருகி மாற்றும் மின்தடை, இரண்டு பென்சில் செல், அழுத்தினால் மட்டும் எரியும் சுவிட்ச். மில்லி ஆம்பியரில் வைத்த மல்டிமீட்டரைப் பார்த்தபடி பிரிசெட்டைத் திருப்பச் சொல்வேன். முதலில் சாதாரண எல்இடி போல மங்கலாகச் சிவக்கும். ஏறத்தாழ 20 மில்லி ஆம்பியரைத் தாண்டும்போது சட்டென்று வெளிச்சம் பாயும். சுவரில் விழும் ஒளிக்குள் மணல் மணலாக மினுங்கும். அந்த மினுக்கம் வந்தால்தான் அது லேசர். இன்னும் கொஞ்சம் ஏற்றினால் டயோடு செத்துவிடும். செத்த பிறகும் எல்இடி மாதிரி எரியும், ஆனால் மினுக்கம் திரும்ப வராது. பிறகு லென்ஸைத் திருகினால் சுவரில் நீள்வட்டமாகப் படர்ந்திருந்த சிவப்பு சுருங்கிச் சுருங்கிப் புள்ளியாகும். இதைத் தன் கையால் செய்தவனுக்கு, மின்னோட்டம் ஏறினால் ஒளிச்சக்தி எப்படி ஏறும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கடையில் பேனா லேசர் வாங்குகிறவனுக்கு இது தெரிய வழியில்லை. பளிச்சென்று இருந்தால் சக்தி அதிகம், மங்கலாக இருந்தால் ஆபத்தில்லை என்று நினைக்கிறான். நம் கண்ணுக்குப் பச்சை நன்றாகத் தெரியும், 650 சிவப்பு மங்கலாகத்தான் தெரியும். சக்தி ஒன்றானால் விழித்திரைக்குப் போகும் சூடு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். மலிவான பச்சை பாயிண்டரின் உள்ளே இருப்பது அகச்சிவப்பு டயோடு. படிகங்கள் அதைப் பச்சையாக மாற்றுகின்றன. வடிகட்டி வைக்காமல் விட்டால் மிச்ச அகச்சிவப்பும் கூடவே வெளியே வரும். அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2010-இல் சோதித்த ஒரு பேனாவில் பச்சை மங்கலாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்போ கிட்டத்தட்ட 20 மில்லிவாட். விழித்திரைக்கு வலி தெரியாது. கண்ணைச் சிமிட்ட வைக்கும் அளவுக்குப் பளிச்சென்ற வெளிச்சமும் அங்கே இல்லை.

பையன்களிடம் நான் கறாராக மறுப்பது ஒன்றைத்தான்: பழைய டிவிடி ரைட்டரிலிருந்து டயோடைப் பிடுங்குவது. எடைக்குப் போட்ட கம்ப்யூட்டர் சாமான்களில் அது சுலபமாகக் கிடைக்கும். 100 மில்லிவாட்டுக்கு மேல் கொடுக்கும். கையில் பிடிக்கும் பாயிண்டருக்கு அமெரிக்க விதிப்படி 5 மில்லிவாட்தான் எல்லை. அதையே கண்ணுக்கு நேரே காட்டக் கூடாது.

வானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 மே மாதம் சென்னையில் தரையிறங்க வந்த துபாய் விமானத்தின் மீது யாரோ லேசர் அடித்தார்கள். நமக்குப் பக்கத்தில் பேலகொண்டப்பள்ளியில் ஏற்கெனவே ஓடுதளம் இருக்கிறது. ஓசூரில் 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டப்பேரவையில் முதல்வர் அறிவித்தார். அது வரும்போது, கையில் பாயிண்டர் வைத்திருக்கும் இந்த ஊர்ப் பையன்களுக்கு விமானி அறைக் கண்ணாடியில் அந்தப் புள்ளி எப்படிச் சிதறிப் பரவும் என்று தெரிந்திருக்க வேண்டும். பிடித்து அபராதம் போட்டு அதைக் கற்றுக்கொடுக்க முடியாது.

ஐடிஐக்கு வேண்டியது ஒளிச்சக்தியை அளக்கும் ஒரு மீட்டர், அலைநீளம் அச்சிட்ட பாதுகாப்புக் கண்ணாடி, தமிழில் ஓர் எச்சரிக்கைத் தாள். இங்கே தமிழோடு கன்னடம், தெலுங்கு, இந்தி பேசுகிறவர்களும் படிக்கிறார்கள். அந்த மொழிகளிலும் அச்சடிக்கலாம். கண்ணாடி விஷயத்தில் மட்டும் அவசரம் கூடாது. எங்கள் இயந்திரத்தின் 1,070 நானோமீட்டருக்கான கண்ணாடியைத் தானமாகக் கொடுத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது 650 சிவப்பைத் தடுக்காது. சிப்காட்டில் லேசர் வெட்டும் பட்டறை வைத்திருப்பவர்கள் கண்ணாடிக்குப் பதில் சனிக்கிழமை அரை நாள் ஒரு டெக்னீஷியனை ஐடிஐக்கு அனுப்பலாம். நான் வரத் தயார்.