நல்ல மாட்டுக்கு ஒரு சூடு

கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்களுக்கு ஒரு புது உபதேசம் கிடைத்திருக்கிறது. வேலையை ஒழுங்காகச் செய்தால் போதாதாம்; வேலை செய்பவள் தன்னையே ஒரு ‘பிராண்ட்’ ஆக்கிக்கொள்ள வேண்டுமாம். சனிக்கிழமைகளில் தி. நகர் ஓட்டல் மாடிகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு இதைச் சொல்லித் தருகிறார்கள். மகளிர் தினம் வரும் மார்ச் மாதத்தில் சில கம்பெனிகள் இலவசமாகவே ஏற்பாடு செய்கின்றன. இலவசமாக வரும் எதையும் வங்கி குமாஸ்தா இரண்டு தடவை திருப்பிப் பார்ப்பான்.

பிராண்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் பூர்வீகம் சூடு. காய்ச்சிய இரும்பால் மாட்டின் மேல் இழுக்கிற குறி. மாடு யாருடையது என்று சந்தையில் தெரிய வேண்டும், அவ்வளவுதான். 1997 ஆகஸ்டில் டாம் பீட்டர்ஸ் என்ற அமெரிக்க நிர்வாக நிபுணர் ‘ஃபாஸ்ட் கம்பெனி’ பத்திரிகையில் எழுதிய கட்டுரை, இரும்பை மாட்டிடமே கொடுத்து நீயே போட்டுக்கொள் என்றது. ஒவ்வொருவரும் தன்னை ஒரு கம்பெனியாக பாவித்துத் தனக்குத் தானே விளம்பர அதிகாரியாக வேண்டும் என்பது அதன் சாரம். நிரந்தர வேலை என்ற நம்பிக்கை அங்கே உதிர்ந்துகொண்டிருந்த காலம். கம்பெனி உன்னைக் காப்பாற்றாது என்ற செய்தியை ஒரு விடுதலைப் பிரகடனம்போலச் சொன்னதில்தான் அவருடைய சாமர்த்தியம்.

பனகல் பார்க் பக்கம் போகிறவர்களுக்குப் பெயருக்கும் சரக்குக்கும் உள்ள உறவு தெரியும். நல்லி சின்னசாமி செட்டி 1928இல் கடை ஆரம்பித்தார். பெயர் பலகையில் ஏறியது. பலகைக்குப் பின்னால் புடவை இருந்தது. மனிதன் கடை வைத்தான். இப்போது மனுஷியே கடையாகிவிட வேண்டும் என்கிறார்கள். கடைக்காவது ராத்திரி ஷட்டரை இழுத்துவிடலாம்.

என் தங்கை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் மென்பொருளைச் சோதிக்கும் வேலை பார்க்கிறாள். மயிலாப்பூரிலிருந்து போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிய வருஷம் அவளுடைய மதிப்பீட்டைக் குறைத்தார்கள். காரணம் கேட்டதற்கு, ‘உனக்கு விஸிபிலிட்டி போதாது’ என்றார் மேலாளர். வேலையில் குறை என்று சொல்லவில்லை, கவனிக்க. பிறகு பட்டறைக்கு அனுப்பினார்கள். அங்கே கொடுத்த தாளோடு என்னிடம் வந்தாள். “நீ பி.ஏ. இங்கிலீஷ்தானே அண்ணா, லிங்க்டின்ல போட இதைக் கொஞ்சம் சரி பண்ணிக் கொடேன்.”

அவள் முதலில் எழுதியிருந்தது ஒரே வாக்கியம். பிப்ரவரி 29இல் முதிர்வடையும் டெபாசிட்டுகளுக்கு ஒரு நாள் வட்டி விடுபட்டுப்போவதைத் தான் கண்டுபிடித்ததாகவும், மென்பொருள் வெளியாகுமுன் அது திருத்தப்பட்டதாகவும். வங்கியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்த ஒரு நாள் வட்டி என்றால் என்ன என்று தெரியும். கவுண்டருக்கு வெளியே நின்று பாஸ் புத்தகத்தை நீட்டும் ஓய்வூதியக்காரரின் முகம் தெரியும். ஒரு வாக்கியம் தன் எடையைத் தானே தாங்கி நிற்பது என்பது இதுதான்.

தாளின்படி அது போதாது. முதல் வரி தனியாக, திடுக்கிடும்படி நிற்க வேண்டும். அடுத்து ஒரு தோல்வி. பிறகு குழந்தை அழுத ராத்திரி, அதில் கற்ற பாடம், கடைசியில் வாசகரை நோக்கி ஒரு கேள்வி. சிரித்த முகத்தோடு ஒரு புகைப்படம், ஆனால் அதிகம் சிரிக்கக் கூடாது. வாராந்தரிகளின் ஒரு பக்கக் கதை இதே அச்சில்தான் வார்க்கப்பட்டது. அந்தக் கதை எழுதியவருக்குச் சன்மானமாவது கிடைத்தது. 2016இல் மைக்ரோஸாஃப்ட் 2,620 கோடி டாலருக்கு லிங்க்டினை வாங்கியபோது, அதில் அன்றாடம் எழுதித் தளத்தை நிரப்பியவர்களுக்கு எழுத்துக் கூலி என்று ஒன்றும் வரவில்லை. என் தங்கை அந்த வட்டிப் பிழையைப் பிடித்த ராத்திரி குழந்தை அழவில்லை, தூங்கியது. அழுததாக எழுது என்கிறது தாள். சுயத்தை வெளிப்படுத்து என்று சொல்லிக்கொண்டே சுயத்துக்குப் பதில் ஒரு பாவனையை அச்சடித்துக் கொடுக்கிறார்கள். ‘நான்’ என்ற தன்மை ஒருமையை இவ்வளவு மலினப்படுத்தியதில் நம் கவிஞர்களுக்கும் பங்கு உண்டு. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகச் சந்தை நடக்கும் நாட்களில் பாருங்கள், தொகுப்பைவிடப் பெரிய அளவில் தன் முகத்தை அச்சிட்டுக்கொண்டு நிற்பவர்களை.

ஆனால் எதிர்த்தரப்பில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. பெண்கள் சும்மா இருந்ததால்தான் சரித்திரத்திலிருந்து காணாமல் போனார்கள் என்கிறார்கள். 1946 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் எனியாக் கணிப்பொறியை உலகுக்குக் காட்டினார்கள். அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். விழாவில் அவர்களை யாரும் அறிமுகப்படுத்தவில்லை. 1980களில் கேத்தி க்ளைமன் என்ற மாணவி பழைய புகைப்படங்களைப் பார்த்து இவர்கள் யார் என்று விசாரித்தபோது, இயந்திரம் அழகாகத் தெரிவதற்காக நிறுத்திய மாடல்கள் என்று பதில் வந்தது. இதைச் சொல்லிவிட்டு, ஆகவே உன்னை விளம்பரப்படுத்திக்கொள் என்று முடிக்கிறார்கள். அந்தப் பெண்களுக்குக் குறைந்தது என்ன? புகைப்படத்தில் முழுசாகத் தெரிகிறார்கள். இதைவிடப் பெரிய விஸிபிலிட்டி என்ன வேண்டும்? தெரிந்ததால்தான் மாடல் என்று நினைத்தார்கள். இல்லாதது படத்துக்குக் கீழே ஒரு வரி, இன்னார் இன்ன வேலை செய்தார் என்று. அதை எழுத வேண்டிய ஸ்தாபனம் எழுதவில்லை. அம்பை 1988இல் மும்பையில் ஸ்பேரோ ஆவணக் காப்பகத்தைத் தொடங்கியது இந்தக் காரியத்துக்காகத்தான். ஆவணத்துக்கும் விளம்பரத்துக்கும் உள்ள தூரம் அங்கே போனால் தெரியும்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். அடையாற்றைத் தாண்டினால் கிண்டி பொறியியல் கல்லூரி. ஏ. லலிதா பதினெட்டு வயதில், கைக்குழந்தையோடு விதவையானவர். அப்பா பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். 1940இல் சேர்ந்து 1943இல் படிப்பை முடித்தார். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர். சான்றிதழ்ப் படிவத்தில் ஆண்பாற் சொல்தான் அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டுப் பெண்பாற் சொல்லை எழுதிக் கொடுத்தார்கள். பிறகு கல்கத்தாவில் அசோஸியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியில் பல வருஷங்கள். பக்ரா நங்கல் அணையின் மின் வேலைகளிலும் பங்கு. 1964இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்களின் முதல் சர்வதேச மாநாட்டுக்குப் போனார். 1979இல் இறந்தார். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த அடித்தல் திருத்தல். மாறியது ஸ்தாபனத்தின் காகிதம். லலிதாவைத் திருத்தி எழுத யாரும் பட்டறை நடத்தவில்லை.

பெண் பேசவே கூடாது என்கிறேனா? 2017 பிப்ரவரியில் ஸூஸன் ஃபௌலர் ஊபர் கம்பெனியில் தான் கழித்த ஒரு வருஷத்தைப் பற்றி எழுதினார். என்ன நடந்தது, யாரிடம் புகார் கொடுத்தேன், என்ன பதில் வந்தது. அலங்காரம் இல்லாத, கிட்டத்தட்ட வரட்சியான நடை. ஜூனில் விசாரணைக்குப் பின் இருபதுக்கும் மேற்பட்டவர்களை அந்தக் கம்பெனி வெளியேற்றியது. தலைமை நிர்வாகியும் விலகினார். பட்டறைத் தாளின் இலக்கணப்படி அது தோல்வியுற்ற எழுத்து. கம்பெனியைப் புகழவில்லை, பாடம் கற்கவில்லை.

இதெல்லாம் யாருக்குச் சொல்லப்படும் உபதேசம் என்பதையும் பார்க்க வேண்டும். ஸோஹோவின் ராதா வேம்பு இந்தியாவின் பெரும் பணக்காரப் பெண்களில் ஒருவர், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர், பொது மேடைகளில் அபூர்வமாகவே தென்படுகிறவர். அந்த மௌனத்தைக் கண்ணியம் என்று பத்திரிகைகள் பாராட்டுகின்றன. பாராட்டட்டும். கம்பெனியின் பெரும் பங்கைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்த மௌனம் கட்டுப்படியாகும். மாதச் சம்பளமும் வீட்டுக் கடன் தவணையும் மட்டுமே உள்ளவளின் அதே மௌனத்துக்கு ‘விஸிபிலிட்டி போதாது’ என்று பெயர்.

2015 ஜனவரியில் டி.சி.எஸ். பணிநீக்கம் செய்த ஒரு கர்ப்பிணி ஊழியர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கினார். மனுவில் அவர் தன்னை ஒரு பிராண்டாக முன்வைக்கவில்லை. தொழிற்சட்டத்தின் கீழ் தானும் ஒரு தொழிலாளி என்றுதான் வாதம். தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் சங்கம் அமைக்கச் சட்டத்தில் தடையில்லை என்று தமிழக அரசு 2016இல் தெளிவுபடுத்தியது. 2025 ஜூலையில் அதே டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அந்த வாரம் தங்கை தன் போனில் காட்டிய அறிவுரைகளைப் பொறுமையாகப் படித்தேன். முகப்புப் படத்தை மாற்று, தலைப்பு வரியை மாற்று, கதையை மாற்று. சங்கம் என்ற சொல் ஒன்றில்கூட இல்லை.