ஜமாபந்தியில் கணக்கைப் பாருங்கள்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

மேச்சேரி வட்டாரத்தில் மானாவாரியாக நிலக்கடலையும் சோளமும் போடுகிறவர்களுக்கு அடங்கல் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. பயிர்க்கடனா, காப்பீடா, வறட்சி நிவாரணமா, எதற்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். எந்தப் புல எண்ணில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, எது பாசனம் என்று கிராம நிர்வாக அலுவலர் வயலில் நின்று பார்த்து எழுத வேண்டிய கணக்கு அது. உட்கார்ந்த இடத்தில் எழுதினால் போன வருடத்துப் பயிரே தாளில் மறுபடியும் விளையும்.

அடங்கல், சிட்டா, 'அ' பதிவேடு என்ற கிராம நிலக் கணக்குகள் எல்லாவற்றையும் சரிபார்க்கத்தான் வருடாவருடம் ஜமாபந்தி வைக்கிறார்கள். வருவாய்த் தீர்வாயம் என்பது அதன் அரசுப் பெயர். பசலி ஆண்டு ஜூன் 30-இல் முடிகிறது. அதையொட்டித் தாலுகா அலுவலகத்தில் கிராமவாரியாகப் பதிவேடுகளை அடுக்கி வைக்கிறார்கள், நில அளவைச் சங்கிலியையும் சோதிக்கிறார்கள். ஆனால் ஜமாபந்தி என்றாலே இன்று மனு கொடுக்கும் நாள் என்றாகிவிட்டது. எத்தனை மனு வந்தது, எத்தனை பேருக்குப் பட்டா கொடுத்தார்கள் என்பது செய்தியாகிறது. எந்த ஊர்க் கணக்கில் என்ன குறை கண்டார்கள் என்பது ஊருக்கே தெரிவதில்லை. மனு வாங்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அதற்கு ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமைக் கூட்டம் இருக்கிறது. கணக்கைப் பார்க்க இந்த ஒரு சமயம்தான்.

முன்பு கிராம நிர்வாகத்தைப் பார்த்துவந்த கர்ணம், மணியகாரர் பதவிகளை 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. 1982-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. பகுதிநேர அலுவலர் கையிலிருந்து கணக்கு முழுநேர அரசு ஊழியர் கைக்கு வந்தது நல்ல மாற்றம். எழுதும் கை மாறினால் போதுமா, பார்க்கும் கண்ணும் வேண்டாமா?

பதிவேடுகளை ஒழுங்காக வைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு ஆவணங்களை வகைப்படுத்தி, அட்டவணையிட்டுப் பராமரிக்கச் சொல்கிறது. ஆவணப் பராமரிப்பு முறையை மாற்றும்படி உத்தரவிட 19(8) பிரிவு தகவல் ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. பொது ஆவணங்களை விதிமீறி அழித்தால் ஐந்தாண்டு வரை சிறை என்கிறது 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம். அது மத்திய அரசோடு நின்றுவிடுகிறது. எங்கள் மேட்டூர் தாலுகாவின் பதிவேட்டைத் தொடாது. அதே கண்டிப்பு மாநில ஆவணங்களுக்கும் வேண்டும்.

கிராம நிர்வாக அலுவலர்களைக் குறை சொல்வது எங்கள் நோக்கமல்ல. பக்கத்து ஊரையும் சேர்த்துப் பார்ப்பவரால் எல்லா வயலையும் மிதிக்க முடியாது; அதுவும் ஜமாபந்தித் தணிக்கையில் பதிவாகட்டும்.

அடுத்த ஜமாபந்தியில் ஒவ்வொரு கிராமத்திலும் சில புல எண்களையாவது நேரில் போய்ப் பார்த்து அடங்கலோடு ஒப்பிட வேண்டும். கண்ட குறைகளையும், திருத்த வேண்டிய கெடுவையும் கிராம நிர்வாக அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். ஊராட்சிகளில் அதை ஆகஸ்ட் 15 கிராம சபையில் படிக்க வேண்டும். மேச்சேரி பேரூராட்சி என்பதால் இங்கே கிராம சபை கிடையாது. அதனால் பேரூராட்சி அலுவலகப் பலகையிலும் ஒரு நகல் வைக்க வேண்டும்.