கோல்பேரின் முகமும் சாயக்காரர் கையும்

பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பிரபுக்களின் செப்புத்தகட்டு உருவப்படங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வாதம் தவறாமல் முன்வைக்கப்படுகிறது: 'கலையைக் கலையாக மட்டும் பாருங்கள், அரசியலைக் கலக்காதீர்கள்.' புதுச்சேரியின் வரலாற்றை அறிந்த தமிழர் எவரும் இதை ஏற்க இயலாது.

ரொபேர் நாந்தேய் (1623–1678) பலமுறை செதுக்கிய ழான்-பாப்திஸ்த் கோல்பேரின் உருவப்படங்களையே எடுத்துக்கொள்வோம். பதினான்காம் லூயியின் நிதியமைச்சரான கோல்பேர்தான் 1664இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை உருவாக்கியவர். பத்தே ஆண்டுகளில் அக்கம்பெனியின் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் காலூன்றினார். கோல்பேர் பழம்பெருங்குடிப் பிரபுவும் அல்லர். 1619இல் ரேன்ஸ் நகர வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். செஞ்ஞெலே என்னும் நிலவுடைமையை 1657இல் விலைக்கு வாங்கியவர். தம் முன்னோர் ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் என்று உரிமை கொண்டாடியவர். இப்படிப்பட்டவருக்கு நீள்வட்டச் சட்டமும் பட்டங்களும் குலச்சின்னமும் சூழ அச்சான முகம் வெறும் அலங்காரம் அன்று. விலைக்கு வாங்கிய குலப்பெருமையை நூற்றுக்கணக்கான படிகளில் ஊரறியச் செய்யும் சாசனம் அது.

நாந்தேயின் கைத்திறனை மறுப்பார் யாருமில்லை. கோடுகளின் அடர்த்தியை மாற்றியே தோலையும் பட்டையும் வேறுபடுத்திக் காட்டியவர் அவர். ஆனால் அதே நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் துணியில் ஓவியம் தீட்டியவரின் திறன் எதில் குறைந்தது? துணியைக் கடுக்காயில் பதப்படுத்தி, படிகாரத்தால் வரைந்து, சாயவேரில் காய்ச்சிச் சிவப்பை எழுப்பினர். மெழுகு பூசி அவுரியில் தோய்த்து நீலத்தை நிறுத்தினர். துவைத்தாலும் மங்காத அந்நிறங்களைப் படைக்க அன்றைய ஐரோப்பாவுக்குத் தெரியாது.

இவ்விரு கலைகளையும் பிரெஞ்சு அரசு எப்படி நடத்தியது? 1660ஆம் ஆண்டின் அரசாணை செப்புச் செதுக்கைத் தொழிற்குழுக்களின் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்து, சுதந்திரக் கலை என்று அறிவித்தது. கோல்பேர் இறந்து மூன்றாண்டு கழித்து, 1686இல், மற்றோர் ஆணை இந்திய வண்ணப் பருத்தித் துணிகளையும் பிரான்சில் அவற்றைப் போலச் செய்வதையும் தடைசெய்தது. உள்நாட்டுப் பட்டு, கம்பளித் தொழில்களைக் காக்கப் பிறந்த அத்தடை 1759 வரை நீடித்தது. தடை நிலவிய காலத்திலேயே, 1742இல், இயேசு சபைப் பாதிரியார் கேர்தூ, கிறித்தவரான சாயத்தொழிலாளரிடம் இக்கரையின் சாயமுறைகளைக் கேட்டறிந்து தம் நாட்டுக்கு விரிவாகக் கடிதம் எழுதினார். பொருளுக்குத் தடை, அறிவுக்கு வரவேற்பு! அந்த அறிவைத் தந்தவர்களையோ வரலாறு பெயரால் அறியவில்லை.

இன்றைய அருங்காட்சியகங்களில் நாந்தேயின் படத்தருகே அமர்ந்தவர் பெயரும் செதுக்கியவர் பெயரும் ஆண்டும் இருக்கும். சோழமண்டலத் துணியருகே கரையின் பெயரும் ஒரு நூற்றாண்டும் மட்டுமே இருக்கும். இவ்வேறுபாடு கலைத்தரத்தால் வந்ததன்று. ஒருவருக்குக் கையொப்பமிடும் உரிமை இருந்தது. மற்றவரின் படைப்பு கம்பெனியின் மூட்டைக் கணக்காக மட்டுமே பதிவாயிற்று. 'கலையை மட்டும் பாருங்கள்' என்போர் இந்த ஏற்றத்தாழ்வையும் சேர்த்தே காக்கின்றனர்.

படங்களை அகற்றுவது இதற்குத் தீர்வாகாது. அவற்றை முழுமையாகப் படிப்பதே தீர்வு. கோல்பேரின் முகத்தை அச்சிடும் புதுச்சேரி வரலாற்று நூல், அவர் தோற்றுவித்த கம்பெனி எதை வாங்க இக்கரைக்கு வந்தது, அதை யார் செய்தனர் என்பதையும் அதே பக்கத்தில் சொல்ல வேண்டும். பெயர் கிடைக்காவிடில் ஊரும் தொழிலும் செய்முறையுமாவது இடம்பெற வேண்டும்.

அக்காலப் பிரெஞ்சு மாணவர் தம் ஆய்வுரையைச் செல்வாக்குள்ள ஒருவருக்குக் காணிக்கையாக்கி, அவருடைய உருவப்படத்தையும் அச்சிட்டு அளிப்பது வழக்கம். நாந்தேயின் பெரிய படங்களுள் சில அதற்காகவே செதுக்கப்பட்டவை. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் தமிழ் ஆய்வேடுகளும் அதே காணிக்கையைச் செலுத்த வேண்டியதில்லை.