அக்காவையும் அழைத்து வாருங்கள்!



எங்கள் காரைக்காலில் எந்தத் தெருவுக்குப் போனாலும் 'பிரான்சு வீடு' ஒன்றாவது கண்ணில் படும். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஆட்சி கை மாறியது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தோம். அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்று இருந்துவிட்ட குடும்பங்களின் பேரன் பேத்திகள்தான் இன்று பாரீசிலிருந்து லீவுக்கு வருகிறார்கள். சிலர் கோயில் குளம் பார்க்க வருகிறார்கள். சிலர் குழந்தையைத் தத்தெடுக்கவும் வருகிறார்கள்.

பிள்ளை ஏக்கம் என்றால் என்ன என்று எங்கள் ஊருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனி மாத மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து வீசும் மாம்பழத்தை முந்தானையில் ஏந்தினால் மடி நிறையும் என்று நம்புகிற ஊர் இது. அதனால் தத்தெடுப்பதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஏற்கெனவே ஒரு பிள்ளை இருந்து, இரண்டாவதாகத் தத்தெடுக்க வருகிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: அந்த மூத்த பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள்!

"சின்னப் பிள்ளையை இழுத்துக்கிட்டு எதுக்கு அலையணும்? வெயில் ஒத்துக்காது, தண்ணி ஒத்துக்காது, பள்ளிக்கூடம் வேற போகும். பாட்டிகிட்ட விட்டுட்டு வா" என்பதுதான் எல்லோரும் சொல்லும் யோசனை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளையின் இடத்தில் இருந்து பாருங்கள். அம்மாவும் அப்பாவும் திடீரென்று ஊருக்குப் போகிறார்கள். எப்போது வருவார்கள் என்று திட்டமாக யாரும் சொல்லவில்லை. ஒருநாள் கதவு திறக்கிறது, அம்மாவின் இடுப்பில் வேறொரு குழந்தை! நாமே பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போனால் மூத்ததை மறுநாளே கூட்டி வரச் சொல்லி, "பார், உன் தம்பி" என்று காட்டுகிறோமே. தத்து வரும் தம்பிக்கு மட்டும் அது வேண்டாமா?

சட்டமே அந்தப் பிள்ளையை ஓர் ஆளாக மதிக்கிறது. தத்தெடுக்கும் குடும்பத்தில் ஐந்து வயதைத் தாண்டிய குழந்தை இருந்தால், அதன் சம்மதத்தையும் கேட்டு எழுதி வாங்க வேண்டும். சம்மதம் மட்டும் வேண்டும், கூட வரக் கூடாது என்றால் எப்படி?

எங்கள் தெருவுக்கு அப்படி ஒரு தம்பதி வந்தார்கள், ஆறு வயது மகளோடு. தத்து வந்தவன் இரண்டு வயதுப் பையன். பிறவியிலேயே ஒரு பாதம் வளைந்திருந்தது. பெற்றவர் இல்லாத குழந்தைக்கு முதலில் நம் நாட்டிலோ, வெளிநாட்டில் வாழும் இந்தியரிடமோ வீடு தேட வேண்டும். 60 நாளில் அமையாவிட்டால்தான் மற்ற வெளிநாட்டாருக்குக் கொடுக்கலாம் என்பது சட்டம். உடல் குறையுள்ள குழந்தைகள், கூடப்பிறந்தவரோடு இருப்பவர்கள், ஐந்து வயது தாண்டியவர்கள் இவர்களுக்கு வெளிநாட்டுத் தத்தில் முன்னுரிமை தரலாம். இவனும் அப்படித்தான் அமைந்தான். புது முகங்களைக் கண்டு முதல் இரண்டு நாள் பெற்றோரிடம் போகவே மாட்டேன் என்றான். அந்தப் பெண் பிஸ்கட்டை நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவளிடம்தான் முதலில் நகர்ந்து வந்தான். அவனுக்கு பிரெஞ்சு தெரியாது, அவளுக்குத் தமிழ் அரைகுறை. குழந்தைக்குக் குழந்தை பாஷையா வேண்டும்?

கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். பார்க்க வந்த நம் சொந்தக்காரப் பெண்கள் அந்தச் சிறுமியின் கன்னத்தைக் கிள்ளி, "இனிமே உனக்கு மவுசு போச்சுடி, தம்பி வந்துட்டான்ல!" என்று சிரித்தார்கள். இன்னொருவர் அவள் எதிரிலேயே, "சொந்தப் பிள்ளை இருக்கும்போது இது எதுக்கு, அதுவும் காலு இப்படி" என்றார். அரைகுறைத் தமிழ் தெரிந்த பிள்ளைக்கு இதெல்லாம் மட்டும் நன்றாகப் புரிந்துவிடும். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. சகோதரிகளே, வெயிலும் தண்ணீரும் செய்யாத கெடுதலை நம் நாக்கு செய்துவிடுகிறது.

மூத்த பிள்ளை கூட வர வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. எனக்கு அதுதான் பெரிதாகத் தோன்றுகிறது. அவள் ஒரு சாட்சி. நாளை வளர்ந்து, "நான் எங்கிருந்து வந்தேன்?" என்று தம்பி கேட்பான். "நீ இருந்த இடத்தை நான் பார்த்தேன், உன்னைத் தூக்கி வளர்த்த ஆயாம்மாவைப் பார்த்தேன்" என்று சொல்ல வீட்டில் ஓர் ஆள் இருப்பாள்.

அந்தப் பதில் கிடைக்காமல் தவிப்பவர்கள் எத்தனை பேர்! 1980-களில் இலங்கையிலிருந்து நெதர்லாந்து முதலிய நாடுகளுக்குப் போன குழந்தைகள் இன்று பெரியவர்களாகித் தாயைத் தேடி வந்தால், கையிலிருக்கும் காகிதமே பொய்யாக இருக்கிறது. நெதர்லாந்து அரசு அமைத்த குழுவே 2021-ல் இந்த முறைகேடுகளை ஒப்புக்கொண்டது. நம் சென்னையிலும் 2005-ல், தெருவில் திருடிய குழந்தைகளை ஒரு தத்து நிறுவனத்துக்கு விற்ற கும்பல் பிடிபட்டது.

ஆகவே, "ஆஸ்பத்திரியில ஒரு குழந்தை இருக்காம், பணத்தைக் கொடுத்தா கைமாத்தி விட்டுடலாம்" என்று யாராவது சொன்னால், அண்ணன் தம்பியே ஆனாலும் கேட்காதீர்கள். சொந்தத்துக்குள் தத்து என்றாலும் வெறும் பத்திரம் எழுதிக்கொண்டு வெளிநாடு கூட்டிப் போக முடியாது. டில்லியிலுள்ள 'காரா' என்ற மத்திய தத்து ஆணையத்தின் ஆட்சேபணையின்மைச் சான்று வேண்டும். முன்பு கோர்ட்டு தந்த தத்து உத்தரவை 2022 செப்டம்பர் முதல் கலெக்டரே தருகிறார். பெற்ற தாய் எழுதிக் கொடுத்தாலும், மனம் மாற அவளுக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. இதெல்லாம் இழுபறி என்று அலுத்துக்கொள்ளக் கூடாது. இன்னொரு தாயின் கண்ணீர் நம் வீட்டுக்குள் வராமல் காப்பது இந்த இழுபறிதான். ஆறு வயது மகள் எதிரில் செய்யக் கூசுகிற காரியம் எதுவோ, அதைத் தத்தில் செய்யவே கூடாது. இது என் கணக்கு.

கூட்டி வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மூத்த பிள்ளையின் விசா, பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் முன்கூட்டியே பாருங்கள். இல்லத்துக்கு அழைத்துப் போகலாமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் வரும்வரை தங்க நேரும் என்பதால் பாட்டியோ சித்தியோ கூட இருப்பது நல்லது. தினமும் ஒரு மணி நேரமாவது அப்பாவோ அம்மாவோ மூத்தவளுக்கு மட்டும் என்று ஒதுக்குங்கள். உடம்பு முடியாத பிள்ளை, கூட்டி வரவே வழியில்லை என்றால் தினம் போனில் முகம் காட்டிப் பேசுங்கள். விமான நிலையத்துக்கு அவளை வரவழைத்துத் தம்பியின் கையை அவள் கையில் கொடுங்கள்.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை பக்கத்து வீட்டுக்கு இப்படி ஒரு குடும்பம் வந்தால், தத்துக் குழந்தையைத் தூக்குவதற்கு முன் மூத்த பிள்ளையைக் கூப்பிட்டு, "அக்காவா நீ? உன் தம்பி பேரென்ன?" என்று கேட்போம். நம் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை அதுவாக இருக்கட்டும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள், சகோதரிகளே?

— ஒரு வாசகி, காரைக்கால்.